எல்லை தாண்டும் பல்வலி

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்தில் ஓடும் நீலத்தட டிராலி ரயிலுக்குத் தெற்கே கடைசி நிறுத்தம் சான் இசிட்ரோ. அதற்கப்பால் தண்டவாளமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, கடவுச்சீட்டைக் காட்டினால் மெக்சிகோவின் திஹுவானா நகருக்குள் நுழைந்துவிடலாம். மேற்கு அரைக்கோளத்தில் மிக அதிகமான பேர் தரைவழியாகக் கடக்கும் எல்லை இதுதான். திஹுவானாவிலிருந்து வடக்கே வருகிறவர்கள் மட்டும் நாளொன்றுக்கு வாகனங்களில் சுமார் 70,000 பேர், கால்நடையாகச் சுமார் 20,000 பேர் என்கிறது அமெரிக்க அரசின் கணக்கு. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சொந்தபந்தத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் என்று எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்தபடி நிற்கிற முதியவர்களும் உண்டு. உலகத்தின் ஆகப்பெரிய பொருளாதாரம் தன் ஓய்வூதியர்களைப் பல் கட்டிக்கொள்ளப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பல பத்தாண்டுகளாக நடப்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

திஹுவானாவின் சோனா ரியோ பகுதியிலும் ரெவலூசியோன் சாலையிலும் பல் மருத்துவமனைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெயர்ப்பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும். கட்டணத்தை டாலரிலேயே சொல்வார்கள். வரவேற்பில் இருப்பவர் இரண்டு மொழியும் பேசுவார். கலிபோர்னியாவில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் இரண்டாயிரம் டாலரைத் தாண்டிவிடும். பல் போன இடத்தில் இம்பிளான்ட் வைத்துப் புதுப் பல் பொருத்த மூவாயிரம் முதல் ஐயாயிரம் டாலர் வரை ஆவது சாதாரணம். அதே வேலை திஹுவானாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி விலைக்குள் முடிந்துவிடுகிறது. போய்வரும் செலவோ அற்பம். டிராலியில் ஒருவழிக் கட்டணம் பல ஆண்டுகளாக இரண்டரை டாலராக இருந்துவந்தது.

அந்தத் தடம் உருவான கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1976இல் கேத்லீன் புயல், ஒரு பழைய ரயில் பாதையின் பாலைவனப் பகுதியை அடித்துக்கொண்டு போனது. உரிமையாளர்கள் கைகழுவ நினைத்த அந்தப் பாதையைச் சான் டியேகோவின் போக்குவரத்து வாரியம் 1979இல் விலைக்கு வாங்கியது. மத்திய அரசிடம் பணம் கேட்டுக் காத்திராமல், மாநில, உள்ளூர் நிதியைக்கொண்டே தடத்தைச் சீரமைத்தது. ஜெர்மனியில் செய்த சிவப்புப் பெட்டிகளை 1981 ஜூலையில் எல்லைவரை ஓடவிட்டது. ‘திஹுவானா டிராலி’ என்றே ஊர் அதைக் கூப்பிட்டது. 2021 நவம்பரில் அதே தடம் வடக்கே பல்கலைக்கழகப் பகுதிவரை நீட்டப்பட்டது. அந்தப் புதிய பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெரிய மருத்துவமனைக்கு ஒரு நிறுத்தம், முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு ஒரு நிறுத்தம். இதய அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் பேர்போன ஒரு மருத்துவ வளாகத்தின் வாசலில் ஏறுகிறவர், வண்டி மாறாமல் மெக்சிகோவின் பல் மருத்துவருக்கு அருகில் போய் இறங்கலாம். சான் டியேகோ கடற்படை ஊர். முன்னாள் படைவீரர்கள் நிறைந்த ஊர். ஆனால் அவர்களுக்கான மருத்துவமனையில் பல்லுக்கு முழு சிகிச்சை எல்லோருக்கும் கிடையாது. பணியில் ஏற்பட்ட காயத்தால் முழு ஊனமுற்றவர், போர்க் கைதியாக இருந்தவர் என்று சில வகையினருக்கு மட்டுமே அந்த உரிமை. மற்றவர்கள் அதே நிறுத்தத்தில் தெற்கே போகும் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு வேர் ஒரு சட்டப் பிரிவில் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஜூலை 30 அன்று. ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவு அரசுடையது. டாக்டரைப் பார்த்தால் பெரும்பங்கு அரசுடையது. ஆனால் பல்லுக்குச் செய்யும் வைத்தியம், பல் அடைப்பது, பிடுங்குவது, மாற்றுப்பல் வைப்பது, பல்லைத் தாங்கும் ஈறு, எலும்புக்கான சிகிச்சை எல்லாவற்றையும் அதே சட்டம் ஒரு பிரிவு போட்டு விலக்கி வைத்தது. தாடை உடைந்தால் அரசு பணம் தரும். தாடையில் இருக்கும் பல் சொத்தையானால் தராது. இதய வால்வு மாற்றுவதற்கு முன்னும், உறுப்பு மாற்றுவதற்கு முன்னும் வாயில் உள்ள தொற்றைச் சரிசெய்யப் பணம் தரலாம் என்று 2023இலிருந்து விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். வாயில் இருக்கும் சீழ் இதயத்துக்குப் போகும் என்று அரசுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தெரிந்தும், வால்வு பழுதாகும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

பல்லை உடம்பிலிருந்து பிரித்த இந்த வழக்கம் 1965க்கும் முந்தியது. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840இல் பால்டிமோர் நகரில் ஹொரேஸ் ஹேடன், சாப்பின் ஹாரிஸ் இருவரின் முயற்சியில் தொடங்கியது, மருத்துவக் கல்லூரியோடு சேராத தனிக் கல்லூரியாக. படிப்பு தனி, பட்டம் தனி, உரிமம் தனி, பின்னாளில் காப்பீடும் தனி. பல் மருத்துவர்கள் இந்தத் தனித்தன்மையைப் பெருமையாகவே காத்துவந்தார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அரசுக் காப்பீட்டை எதிர்த்த வரலாறு நீண்டது. 2021இல் மெடிகேரில் பல், கண், காது மூன்றையும் சேர்க்க செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் உள்ளிட்டோர் முயன்றபோதும், எல்லா முதியோருக்கும் வேண்டாம், வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் தனித் திட்டம் போதும் என்றது அந்தச் சங்கம். மசோதா மீதான பேரத்தின் போக்கில் முதலில் கழற்றிவிடப்பட்டவற்றில் பல்லும் ஒன்று. பிறகு அந்த மசோதாவே வீழ்ந்தது.

வேலையில் இருப்பவர்களுக்கு நிறுவனம் தரும் பல் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதைக் காப்பீடு என்று சொல்ல எனக்குத் தயக்கம். மற்ற காப்பீடுகளில் பெரிய செலவு வரும்போது நம்மைக் காப்பாற்றத்தான் பிரீமியம் கட்டுகிறோம். அமெரிக்கப் பல் காப்பீட்டிலோ ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு டாலர் என்று உச்சவரம்பு இருக்கும். 1970களில் இருந்த வரம்பு இன்றும் பல ஒப்பந்தங்களில் பெரிதாக மாறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்துகொள்ள அது உதவும். இரண்டு பல் கெட்டுப்போனால், செலவு பெரிதாகத் தொடங்கும் இடத்தில் காப்பீடு முடிந்துவிடும்.

இப்படி வெளியே தள்ளப்பட்டவர்கள் போகும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. பல்வலிக்காக அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முறை மக்கள் வருகிறார்கள். அங்கே பல் மருத்துவர் அநேகமாக இருக்க மாட்டார். வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். மேரிலாந்து மாநிலத்தில் டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் 2007 பிப்ரவரியில் இறந்தான். சொத்தைப் பல்லின் தொற்று மூளைக்கு ஏறிவிட்டது. அந்தப் பல்லை முன்பே பிடுங்கியிருந்தால் 80 டாலர் ஆகியிருக்கும். இரண்டு மூளை அறுவை சிகிச்சைகளுக்கும் வாரக்கணக்கான மருத்துவமனை வாசத்துக்கும் ஆன செலவு இரண்டரை லட்சம் டாலர் அளவுக்குப் போயும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு 2009இல் குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டில் பல் சிகிச்சை கட்டாயமானது. பெரியவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தில் பெரியவர்களின் பல்லைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். கலிபோர்னியா 2009இல் வெட்டியது, 2014இல் பாதியைத் திருப்பிக் கொடுத்தது, 2018இல்தான் முழுதும் கொடுத்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் போன பற்கள் போனவைதான்.

மெடிகேர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு டிராலியில் பாதிக் கட்டணம். பல்லைத் தவிர்த்த அதே திட்டத்தின் அட்டை, பல் பார்க்க எல்லைவரை போகச் சலுகை வாங்கித் தருகிறது. இரண்டும் மத்திய அரசு ஏற்படுத்திய உரிமைகள். இதைவிடத் தெளிவாக ஒரு அரசின் முன்னுரிமைகளைக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஏன் மலிவு? மெக்சிகோ மருத்துவர் அரைகுறையாக வேலை செய்வதால் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர் பள்ளி முடித்தவுடன் ஐந்தாண்டு பல் மருத்துவம் படிக்கிறார், அதன்பின் ஓராண்டு சமூகச் சேவை. திஹுவானாவில் பாஹா கலிபோர்னியா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவத் துறை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் மிகக் குறைவு. அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலை, பிறகு நான்காண்டு பல் மருத்துவம். கடன் வாங்கிப் படித்தவர் வெளியே வரும்போது சராசரியாக மூன்று லட்சம் டாலர் கடனோடு வருகிறார். வாடகை, உதவியாளர் சம்பளம், வழக்குக்கு எதிரான காப்பீடு எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன. நோயாளியின் பில்லில் இருப்பது அந்தக் கடனும்தான். அமெரிக்க மருத்துவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய கல்விக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்விக்கு அந்த நாடு சொன்ன பதில்தான் பில்லாக வருகிறது.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. 2018, 2019இல் உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குத் திஹுவானா போய்வந்த அமெரிக்கர்கள் சிலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பதிவு செய்தது. ஆனால் 2016இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் ஒரு குழந்தைகள் பல் மருத்துவமனையின் தண்ணீர்க் குழாயிலிருந்து கிருமி பரவிப் பல குழந்தைகள் தாடையெலும்புவரை பாதிக்கப்பட்டார்கள். 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு பல் அறுவை மருத்துவரிடம் போன ஏறத்தாழ 7,000 பேரை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி அரசே கடிதம் அனுப்பியது. கருவியைக் கிருமிநீக்கம் செய்வதும் செய்யாததும் அந்தந்த மருத்துவமனையின் ஒழுக்கம். அது எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. நோயாளி செய்யக்கூடியது, மெக்சிகோவில் ‘செதுலா’ எனப்படும் தொழில் உரிம எண்ணை அரசின் பதிவேட்டில் சரிபார்ப்பது. தகராறு வந்தால் அங்கே மருத்துவச் சமரச ஆணையம் 1996இலிருந்து இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றத்தில் கிடைக்கும் அளவுக்கு நஷ்டஈட்டை அங்கே எதிர்பார்க்க முடியாது என்பதையும் தெரிந்துதான் போக வேண்டும்.

என் கவலை வேறு இடத்தில். பல் வேலை ஒரே நாளில் முடிவதல்ல. இம்பிளான்ட் திருகு எலும்போடு பிடிக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதன்பிறகுதான் மேலே பல் வைப்பது. கேப் போட்டபின் கடிக்கும்போது மேலும் கீழும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் திரும்பப் போய்த் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். சான் டியேகோவில் குடியிருப்பவருக்கு இது பெரிய காரியமில்லை, அடுத்த வாரம் மறுபடி ரயிலேறினால் ஆயிற்று. தூரத்து மாநிலத்திலிருந்து விமானம் ஏறி வந்து, மூன்று நாளில் வாய் முழுவதையும் சரிசெய்து அனுப்புங்கள் என்று கேட்பவரின் நிலை அப்படியல்ல. காப்பாற்றக்கூடிய பல்லையும் ராவிக் கேப் போட்டுவிடும் ஆசை அங்கேதான் மருத்துவருக்கு வருகிறது. அரிசோனாவின் யூமா அருகே லோஸ் அல்கோதோனெஸ் என்றொரு மெக்சிகோச் சிற்றூர். சில ஆயிரம் பேர் வாழும் ஊரில் நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் முதியவர்கள் இந்தப் பக்கம், குவெச்சான் பழங்குடியினர் நடத்தும் வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு நடந்து போகிறார்கள். வசந்தம் வந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். ஏப்ரலில் வலித்தால் யாரிடம் போவார்கள்? டிராலியின் உண்மையான மதிப்பு அதன் மலிவில் இல்லை. திரும்பத் திரும்பப் போய்வர முடிவதில் இருக்கிறது. ஒரே மருத்துவரிடம் பத்தாண்டு போய்வரும் நோயாளிக்கு அவர் குடும்ப மருத்துவர் ஆகிவிடுகிறார், நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருந்தாலும்.

திரும்பும் வழிதான் கடினம். மெக்சிகோவுக்குள் போக நிமிடங்கள்; அமெரிக்காவுக்குள் திரும்ப, நாளையும் நேரத்தையும் பொறுத்து, மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேகம் இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். பல் பிடுங்கிய எழுபது வயதுக்காரருக்கு வலி வரிசையில் நிற்கும்போதே வந்துசேரும். மருத்துவமனைகள் தரும் அனுமதிச் சீட்டைக் காட்டிச் சீக்கிரம் போக வாகனங்களுக்கு ஒரு மருத்துவப் பாதை இருக்கிறது. காரில் வருகிறவருக்குக் கிடைக்கும் அந்த வசதி, ரயிலில் வந்து நடந்து கடக்கிறவருக்கும் எப்போதும் நிச்சயமாகக் கிடைக்க வேண்டும்.

வரிசையில் நிற்பவர்கள்கூட ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். அவர்களிடம் கடவுச்சீட்டோ, நிரந்தர வசிப்புரிமை அட்டையோ இருக்கிறது. சான் டியேகோவின் உணவகங்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், தோட்டங்களில் புல் வெட்டுகிறவர்கள், வீடுகளில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறவர்கள் ஆகியோரில் பலர் ஆவணம் இல்லாதவர்கள். பிறந்த நாடு டிராலியின் கடைசி நிறுத்தத்துக்கு அடுத்துத் தெரிகிறது. அங்கே தாய்மொழியில் பேசும் பல் மருத்துவர் குறைந்த காசுக்குப் பார்ப்பார். போகலாம், திரும்ப முடியாது. 1994இல் ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ என்ற பெயரில் இந்த எல்லை இறுக்கப்பட்ட பிறகு, போனால் பிள்ளைகளை விட்டுப் பிரிந்ததாகத்தான் அர்த்தம். ஆகவே குறைந்த கூலி வாங்குகிறவர், ஊரிலேயே விலை அதிகமான வைத்தியத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அல்லது கிராம்புத் தைலத்தோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அறுபது ஆண்டுகளாக அந்தச் சட்டப் பிரிவு அசையாமல் நிற்பதற்கு நான் காணும் காரணமும் இதுதான். ஓட்டுரிமை உள்ள முதியவரின் வலி ரயிலேறி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தீர்ந்துவிடுகிறது. அவர் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போடுவதில்லை. ரயிலேற முடியாதவருக்கோ ஓட்டு இல்லை. இரண்டு வலியும் வாஷிங்டனுக்குக் கேட்பதில்லை.

திஹுவானாக்காரர்களையும் மறக்கக் கூடாது. அங்குள்ள தொழிற்சாலைகளில் அமெரிக்கச் சந்தைக்காகத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் மருத்துவக் கருவிகளையும் செய்யும் தொழிலாளிக்கு அரசுச் சமூகக் காப்பீடு உண்டு. அதில் பல் அடைக்கலாம், பிடுங்கலாம். கேப்பும் இம்பிளான்ட்டும் பெரும்பாலும் அவர் கைக்காசுதான். சோனா ரியோவின் கட்டணம் அமெரிக்கருக்கு மலிவு. பெசோவில் கூலி வாங்குகிறவருக்கு அது பல வாரச் சம்பளம்.

இந்தக் கதை ஒரு எல்லையோடு நிற்பதில்லை. வியன்னாவிலிருந்து ரயிலேறி ஹங்கேரியின் சோப்ரோன் நகருக்குப் பல் பார்க்கப் போகிறார்கள் ஆஸ்திரியர்கள். அமெரிக்காவில் வாழும் தமிழர்கள், ஊருக்குப் போகும்போது பல்லையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் இதே கணக்குதான். தள்ளிப்போட்ட சொத்தை, அடைத்தால் போதும் என்ற நிலையைத் தாண்டி வேர் சிகிச்சைவரை வந்துவிடுகிறது. இந்தியாவில் நாம் கட்டும் தனியார் மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தாலும், விபத்தில் உடைந்தாலொழியப் பல்லுக்குப் பணம் இல்லை என்ற வரி பெரும்பாலானவற்றில் இருக்கும். உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது.

மாற்ற முடியாத விதி இது இல்லை. கனடாவும் நெடுங்காலம் தன் பொது மருத்துவத்தில் பல்லை விட்டிருந்த நாடுதான். குடும்ப வருமானம் 90,000 கனடிய டாலருக்குக் கீழே உள்ள, காப்பீடு இல்லாதவர்களுக்கான பல் சிகிச்சைத் திட்டத்தை அது தொடங்கி, 2024 மே மாதத்திலிருந்து முதியவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தது. எல்லை தாண்டிய சிகிச்சையை ஒழுங்குபடுத்தவும் வழி இருக்கிறது. திஹுவானாவைச் சேர்ந்த சிம்ன்சா என்ற காப்பீட்டு நிறுவனத்துக்குக் கலிபோர்னியா அரசு 2000ஆம் ஆண்டிலேயே உரிமம் கொடுத்தது. மெக்சிகோ மருத்துவர்களைக் கொண்டு இயங்கும் அதன் திட்டத்தைக் கலிபோர்னியாவின் ஒழுங்குமுறை அமைப்பு மேற்பார்வையிடுகிறது. எல்லையோர மாவட்டங்களின் முதலாளிகள் தம் தொழிலாளர்களுக்குப் பிரீமியம் கட்டுகிறார்கள். கால் நூற்றாண்டாக இது நடக்கிறது. தனியார் நிறுவனங்களின் தொழிலாளிக்குச் சாத்தியமானது, மெடிகேர் அட்டையோடு அதே எல்லையைக் கடக்கும் ஓய்வூதியருக்கு ஏன் கூடாது? வெளிநாட்டுச் சிகிச்சைக்கு மெடிகேர் பொதுவாகப் பணம் தராது என்பது விதி. 1965இன் விலக்கை நீக்குவதுதான் முழுத் தீர்வு; அதுவரை, உரிமம் பெற்ற எல்லையோர மருத்துவமனைகளுக்காவது அந்த விதியைத் தளர்த்தலாம்.

இந்த நேரத்தில் கலிபோர்னியா எதிர்த்திசையில் போகிறது. ஆவணம் இல்லாதவர்களையும் வயது வேறுபாடின்றி அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்து 2024இல் நாட்டுக்கே முன்மாதிரியாக நின்ற மாநிலம் அது. 2025இல் நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தில், அவர்களில் பெரியவர்களுக்கான பல் சிகிச்சையை 2026 ஜூலையிலிருந்து நிறுத்த முடிவெடுத்தது. அவசர சிகிச்சைக்கு மட்டும் பணம் கிடைக்கும். வேறு யாரை விட்டிருந்தாலும் அவர்களுக்கு டிராலி என்ற மாற்று வழி இருந்திருக்கும். எல்லையைக் கடந்து திரும்ப முடியாத ஒரே கூட்டத்திடமிருந்து அந்த உரிமையைப் பறிப்பதை நிதிச் சிக்கனம் என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. 2009இல் வெட்டியதை முழுதாகத் திருப்பிக் கொடுக்க அந்தச் சட்டமன்றம் ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இந்த முறை அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.